ஏழு கால் சிலந்தி

வசந்தி,

எப்படி இருக்கே? முட்டி வலி தேவலையா, புள்ளைங்க நல்லா இருக்காங்களா? எட்டு மாசமா ஒரு வரி எழுதலை, ஒரு போன் பண்ணலை, உனக்குக் கோவம் இருக்கும், இருக்கட்டும். அண்ணன் போன மூணாவது வாரம் ஆறுதல் சொல்றேன்னு "எல்லாம் அவன் செயல்"னு சொன்னேன், நீ "அவன் பேச்சை இனிமே எங்கிட்ட எடுக்காத"ன்னு போனை வச்சே. அன்னைக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாதுடி. தப்பு என் மேலதான். மன்னிப்பு கேக்கணும்னு எத்தனையோ தடவை போனைக் கையில எடுத்தேன், பேச்சு வரலை. எழுதினாவாவது வருதான்னு பாக்குறேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ வேலை மாறிட்டா, சின்னவன் அப்படியேதான். மல்லிகா ரிட்டயர் ஆயிட்டா, அந்தக் குடை உன்கிட்டதான் இருக்குன்னு இன்னும் சாதிக்கிறா, நீ என்னமோ அவகிட்டங்கிறே, ரெண்டு பேரும் சாகிறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்து போச்சு, அதுக்கப்புறம் தூக்கம் சரியில்லை, ராத்திரி ரெண்டு மணி வாக்குல பால்கனியில போய் உக்காந்துக்குவேன். ஒரு நாள் கிரில் மூலையில ஒரு சிலந்தி. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சும்மா உக்காந்திருக்குன்னு நினைச்சேன், டார்ச் அடிச்சுப் பார்த்தா வயித்துல இருந்து ஒரு நூலைக் காத்துல விட்டுக்கிட்டு இருக்கு. அந்த நூல் அலைஞ்சு அலைஞ்சு துணி காயப்போடுற கொடியில போய் ஒட்டிக்கிச்சு, உடனே இது காலால ஒரு சுண்டு சுண்டி இழுத்துப் பார்த்துச்சு, தாங்கும்னு தெரிஞ்சப்புறம்தான் மேல ஏறி நடந்துச்சு. நடுவுல இருந்து கீழ இறங்கி ஒரு முடிச்சு, அதுல இருந்து சைக்கிள் வீல் கம்பி மாதிரி ஒண்ணொண்ணா இழுத்துக் கட்டுது. அப்புறம் நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா ஒரு சுத்து சுத்துச்சு, சரி முடிஞ்சுதுன்னு பார்த்தா இல்லை, அது வெறும் சாரம்தானாம், ஒட்டாத நூலு, கால் வைக்க மட்டும். அதுக்கப்புறம் ஓரத்துல இருந்து உள்ள திரும்பி வந்து நிஜமான ஒட்டுற நூலைப் போட்டுக்கிட்டே அந்தச் சாரத்தைப் பிரிச்சுக்கிட்டே வருதுடி! வீடு கட்டுறவங்க கூட பூசி முடிச்சப்புறம்தான் சாரம் பிரிப்பாங்க, இது ரெண்டையும் ஒரே நடையில செய்யுது. ஒவ்வொரு இழைக்கும் காலால இடைவெளி அளந்து வைக்குது. கண்ணு எட்டு இருந்தும் இந்த ஜாதிக்குப் பார்வை மோசம், எல்லாம் தொட்டுப் பார்த்துத்தான்.

அப்பதான் கவனிச்சேன், அதுக்கு ஏழே கால். வலது பக்கம் ஒண்ணு இல்லை. அந்தக் கால் வேலை வர்ற இடத்துல ஒரு கணம் தயங்கும், உடம்பைக் கொஞ்சம் சாய்க்கும், பக்கத்துக் காலை நீட்டும், வேலை நடந்துடும். நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். வசந்தி, அழுதேன்.

காலையில பெரியவ துடைப்பத்தை எடுத்து ஒரே வீச்சுல அழிச்சுட்டா. அன்னைக்கு ராத்திரியே புதுசா பின்னிடுச்சு. துடைப்பம் படாத நாள்லயும் பழைய வலையைத் தானே பிரிச்சுத் தின்னுட்டு, அதையே திரும்ப நூலாக்குது. வயித்துக்குள்ள தண்ணி மாதிரி இருக்கிறது வெளிய இழுக்க இழுக்கத்தான் நூலா இறுகுதுன்னு படிச்சேன். பகல் பூரா இதேதான் தேடித் தேடிப் படிச்சுக்கிட்டு இருந்தேன். 1973ல ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு ரெண்டு சிலந்தியைக் கூட்டிட்டுப் போனாங்களாம், அரபெல்லா, அனிட்டான்னு பேரு. பின்னுறப்போ தன் உடம்பு கனத்தை நம்பித்தான் தொங்கும் இறங்கும், அங்க கனமே கிடையாது. முதல்ல தாறுமாறா பின்னிச்சாம். ரெண்டு மூணு நாள்ல கத்துக்கிட்டு ஒழுங்கான வலை போட்டுடுச்சு! பூமியில அதுக்கு யாருமே சொல்லிக் குடுத்ததில்லை, பல வகையில முட்டை பொரியறப்போ அம்மாவே இருக்காது. அங்க போயும் யாரு சொல்லிக் குடுத்தா?

நீ இப்ப என்ன சொல்லுவேன்னு தெரியும். காலேஜ் லேப்ல ரெண்டு பேர் கரப்பான்பூச்சியையும் நீயே அறுத்துட்டு ரெக்கார்டு மட்டும் என்னை வரையச் சொன்ன ஆளாச்சே, "கோடிக்கணக்கான வருஷத்துல நல்லா பின்னினது பொழைச்சுச்சு, மத்தது செத்துச்சு, அவ்வளவுதான்"னு சொல்லுவே. சரிதான்டி, நான் மறுக்கலை. எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சதால எனக்கு ஒண்ணும் குறையலை, இன்னும் கூடத்தான் செய்யுது. நீ கவர் மேல பேர் எழுதாம அனுப்பினாலும் அந்த "வ"வோட சுழியைப் பார்த்ததும் உன் கையெழுத்துன்னு எனக்குத் தெரியும். அதை நிரூபின்னு யாராவது கேட்டா என்கிட்ட ஒண்ணும் இல்லை, ஆனா சந்தேகமும் இல்லை. அந்த வலையைப் பார்த்தப்போ அப்படித்தான் இருந்துச்சு. தெரிஞ்ச கை.

ஆனா அந்த வலை எதுக்குன்னும் பார்த்தேன். மூணாம் நாள் ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கிச்சு. அது துடிச்சதைப் பார்த்தேன், ரொம்ப நேரம் துடிச்சுச்சு. எடுத்து விடலாமான்னு கை போச்சு, விட்டா இது பட்டினி. அதை மறைச்சுட்டு அழகை மட்டும் உனக்கு எழுதினா அது பொய்.

நீ காலேஜ்ல அடிக்கடி சொல்லுவியே டார்வின், அவர் 1860ல ஆசா கிரேங்கிற நண்பருக்கு எழுதின லெட்டரைப் பத்திப் படிச்சேன். உயிரோட இருக்கிற புழுவுக்குள்ளயே வளர்ந்து அதைத் தின்னுற குளவி இருக்கே, அன்பான ஒரு கடவுள் அதை வேணும்னே படைச்சிருப்பார்னு என்னால நம்ப முடியலைன்னு எழுதியிருக்காரு. அவரோட பத்து வயசுப் பொண்ணு ஆனி 1851லயே போயிட்டா. இந்த ஆசா கிரே யாருன்னா, பெரிய தாவரவியல்காரர், கடவுள் நம்பிக்கை ஆழமா உள்ளவர், அவர்தான் டார்வினோட கொள்கைக்காக அமெரிக்காவுல நின்னு வாதாடினவரு. நம்புறவரும் நம்ப முடியாதவரும் லெட்டர் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. அதே லெட்டர்ல டார்வின் சொல்றாரு, இந்த விஷயம் மனுஷ புத்திக்கு எட்டாத ஆழம், ஒரு நாய் நியூட்டனோட மனசை ஆராயற மாதிரின்னு. அதைப் படிச்சதும் உன் ஞாபகம்தான் வந்துச்சு. அந்தப் போன் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. அன்னைக்கு உனக்கு நான் பதில் சொல்லிட்டேன், அதுதான் தப்பு. நீ பதில் கேக்கவே இல்லை.

அண்ணன் ஏன் போனார்னு எனக்குத் தெரியாது. அந்துப்பூச்சி ஏன் துடிக்கணும்னும் தெரியாது. ஆனா ஒரு கால் போன உயிருக்குள்ளயும் அடுத்த அடிக்கு வழி வச்ச கை ஒண்ணு இருக்குன்னு நான் நம்புறேன், நீ நம்பலைன்னா உன் பங்கையும் சேர்த்து நானே நம்பிக்கிறேன். கரப்பானை எனக்கும் சேர்த்து நீ அறுத்தே இல்லை?

இன்னொண்ணு, நேத்து அந்த மூலையில பஞ்சு உருட்டி வச்ச மாதிரி ஒரு பொட்டலம் இருக்கு. முட்டைன்னுதான் நினைக்கிறேன். குஞ்சு வந்தா கொஞ்ச நாள் ஒண்ணா இருந்துட்டு ஆளுக்கொரு நூலைக் காத்துல விட்டு அதுலயே பறந்து போயிடுமாம். அதுக்குள்ள ஒரு வாரம் வந்து என்கூட இரு. கடவுள் பேச்சு எடுக்க மாட்டேன். துடைப்பத்தை ஒளிச்சு வச்சிருக்கேன். வர்றப்போ உன் பூதக்கண்ணாடியை மறக்காம எடுத்துட்டு வா.

உன்,
ராஜி