அனகாபுத்தூருக்கு ஒரு படித்துறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் புறநகர் ஊர்கள் வரிசையில் எங்கள் அனகாபுத்தூரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தலைப்பில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் படித்து முடித்தபோது மனம் கனத்துவிட்டது. விமான நிலையம் எவ்வளவு பக்கம், பல்லாவரம் போக எத்தனை நிமிடம், மனை விலை எப்படி ஏறுகிறது என்பதெல்லாம் இருந்தன. அடையாறு ஒரே வரியில், 2015 வெள்ளத்தோடு வந்து போனது. தறி என்ற சொல்லையே காணோம்.

ஐயா, ஆற்றையும் தறியையும் எடுத்துவிட்டால் இந்த ஊரில் எழுத என்ன மிச்சம் இருக்கிறது?

நான் நெசவாளி வீட்டுப் பெண். கூடத்தின் நடுவே குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அம்மா திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து குறுக்கிழை நூலைத் தாராகச் சுற்றுவார். விடியுமுன்பே தெரு நீளத்துக்குப் பாவு நூலை, அதாவது நெடுக்கிழையை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறினால் இழை முறுகும் என்பதால் ஐந்து மணிக்கே பிள்ளைகளையும் எழுப்பிவிடுவார்கள். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடச் சின்ன விரல்கள்தான் தோது. சாயம் ஏற்றிய நூலை அலச ஆற்றுக்குப் போவோம். கோடையில் ஆறு வற்றினால் மணலில் முழங்கை ஆழம் தோண்டுவோம். ஊற்றுத் தண்ணீர் தெளிந்து வரும். அதைக் குடித்தவள் நான். இன்று என் பேத்தியிடம் சொன்னால் கதை என்று நினைக்கிறாள்.

அப்பா நெய்தது கட்டம் போட்ட பருத்தித் துணி. வியாபாரத்தில் அதற்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்று பெயர். கைக்குட்டை என்பது பெயரளவில்தான். உடம்பில் சுற்றிக் கட்டும் துணி அது. இங்கிருந்து கப்பலேறி நைஜீரியா போனது. அங்கே நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் களாபாரி மக்கள் இதை இஞ்சிரி என்கிறார்கள். துணியை அப்படியே கட்டிக்கொள்வதோடு அவர்கள் நிற்பதில்லை. நெய்த துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் நுனிக்கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுகிறார்கள். எங்கள் கட்டத்துக்குள்ளிருந்து அவர்களுடைய கோலம் எழுந்து வருகிறது. திருமணத்துக்கும் இறப்புக்கும் அந்தத் துணி வேண்டும். இது எனக்குத் தெரியவந்தது மிகவும் பிந்தித்தான். அப்பா உயிரோடு இருந்தபோது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இழை அறுந்தால் பதறுகிற மனிதர் அவர். தான் நெய்த இழையைக் கடலுக்கு அப்பால் ஒருத்தி வேண்டுமென்றே, இவ்வளவு பொறுமையாக உருவுகிறாள் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு விசைத்தறி. தெருக்களில் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் அடியோடு ஓய்ந்துவிடவில்லை என்பதை உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். வாழைநாரைப் பிரித்து நூலாக்கிப் பருத்தியோடு சேர்த்துச் சேலை நெய்கிறவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். கற்றாழை, சணல், அன்னாசி, மூங்கில் என்று 25 வகை இயற்கை இழைகளைச் சேர்த்தும் சேலை நெய்து காட்டினார்கள். கட்டுரையாளர் பிரதான சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே வந்திருந்தால் போதும்.

இனி ஆற்றைப் பற்றி. ஆதனூர்ப் பக்கம் தொடங்கி ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்வது அடையாறு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் எங்களுக்குச் சற்று மேலே, திருநீர்மலை அருகில் வந்து கலக்கிறது. அந்த மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் நீர் வடிய ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலவரலாறு. ஊரின் பெயரே நீர்மலை. தண்ணீர் வரும் இடம் இது என்று பெரியவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நாம்தான் மனை போட்டு விற்றோம்.

2015 டிசம்பர் 1 அன்று இரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் நிரம்பியது தறிக்குழி. வாசலில் கணுக்கால் அளவு இருக்கும்போதே குழி தளும்பிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நாங்கள் மாடிவீட்டுக்காரர்களிடம் போய் உட்கார்ந்தோம். வெள்ளம் வடிந்த பிறகு குழியிலிருந்து சேற்றை வாளி வாளியாக அள்ளினோம். அடியில் அப்பாவின் நாடா, தறியில் குறுக்கிழையைக் கொண்டுபோகும் கட்டை, கிடைத்தது. இரும்பு முனையில் துருப்பிடித்திருந்தது. கட்டை அப்படியே இருந்தது. கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டுக்குப் பிறகு ஆறு என்றாலே பயம் என்றாகிவிட்டது. கரையை உயர்த்துங்கள், சுவர் எழுப்புங்கள், வேலி போடுங்கள் என்றே பேச்சு. 2025 மே மாதம் ஆற்றோரத்து வீடுகள் இடிக்கப்பட்டன. கூடவே வளர்ந்த பல குடும்பங்கள் தொலைவில் போய்க் குடியேறின. ஆற்றை அகலப்படுத்த வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் சுவர் எழும்பிய பிறகு அதன் மறுபக்கத்தில் நடப்பதை யார் பார்ப்பார்கள்? இப்போதே இருட்டியபின் கழிவுநீர் லாரிகள் வந்து ஆற்றில் திறந்துவிட்டுப் போகின்றன. கரையில் ஆள் நடமாட்டம் இருந்த காலத்தில் ஒரு குடம் சாக்கடையைக் கொட்ட யாருக்கும் துணிவு வராது. துணி துவைக்கிற பெண்களே விரட்டி அடித்திருப்பார்கள்.

அதனால்தான் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். கரையைச் சீரமைக்கும்போது அனகாபுத்தூரில் ஒரு படித்துறை விட வேண்டும். பூங்காவும் வண்ண விளக்கும் கேட்கவில்லை. தண்ணீர்வரை இறங்கிப் போகிற பத்துப் பன்னிரண்டு கருங்கல் படிகள், ஓரத்தில் வெள்ள அளவைக் காட்டும் ஒரு கல், கிழவிகள் உட்கார ஒரு திண்ணை. விமானம் ஓடுவதற்காக இதே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டிய நகரம் இது. மனிதர்கள் இறங்கப் படி கட்ட முடியாதா? இன்றைய தண்ணீரில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். தினமும் பத்துப் பேர் அந்தப் படியில் நின்று பார்த்தால், லாரி வருவதையும் நுரை மிதப்பதையும் கேட்கப் பத்து வாய் இருக்கும்.

கட்டுரை எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இன்னொரு முறை அவரை அனுப்பி வையுங்கள். காலையில் வரட்டும். தறியில் ஆள் இருக்கும்போது அழைத்துப் போகிறேன். அப்பாவின் நாடாவோடு, அவர் கடைசியாக நெய்த கட்டத் துணியில் ஒரு கஜமும் என் பெட்டியில் இருக்கிறது, அதையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெசவாளியின் மகள்,
அனகாபுத்தூர், சென்னை – 70