கண்ணாடியின் உள்பக்கம்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

ஆயுத பூஜைக்கு நீ வந்து போய் ஒரு வாரம் ஆகிறது. நானும் உன் அம்மாவும் நலம். உன் காரின் முன்கண்ணாடியை உள்பக்கம் துடைக்கும் முறையைத் தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். எழுதி அனுப்பினால் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்வாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

அன்று மாலை வாழையிலை வாங்குவதற்காக உன் மைவி காரை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன் அல்லவா? திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. தோட்டத்துச் சாலையின் வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எதிரே வந்தது. அதன் விளக்கு பட்டதும், பாலைத் தெளித்தாற்போல் முன்கண்ணாடி முழுவதும் வெளுத்துப் போய், சாலையின் ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் காரை நிறுத்திவிட்டேன். வெளிப்பக்கத்தை நீ காலையில்தான் கழுவியிருந்தாய், அதில் குறையில்லை. உள்பக்கத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். விரல் போன தடம் கோடாக நின்றது. விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

உன் அம்மாவிடம்கூட நான் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது உனக்குச் சொல்கிறேன். 1991ஆம் ஆண்டு, நீ பிறப்பதற்கு முன்பு, நான் தோட்டத்து லோரியில் ரப்பர் பால் ஏற்றிக்கொண்டிருந்த காலம். அப்போது சுருட்டுப் பிடிப்பேன். அதுவும் லோரிக்குள் உட்கார்ந்துதான் பிடிப்பேன். ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளிலும் நடந்தும் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு ஜீப் வந்தது. அதன் விளக்கில் என் கண்ணாடி வெளுத்த அந்த இரண்டு விநாடியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இடப்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. இறங்கி ஓடினேன். ஓர் அம்மாள், என் தாய் வயது இருக்கும், சாலையோரக் கால்வாய்க்குள் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார். லோரியின் பக்கக் கண்ணாடி அவர் கையில் இருந்த பால் வாளியில்தான் பட்டிருந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. வாளியை மேலே எடுத்து, நசுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பால் ஒழுகாது, தம்பி" என்றார். அன்றைக்கு லோரியில் ஏறி உட்கார்ந்து, முதல்முறையாகக் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுருட்டுப் புகை மஞ்சளாகப் படிந்திருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக நான் அதைத் துடைத்ததே இல்லை.

நீ புகைபிடிப்பதில்லை, ஆனாலும் படலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். வெயிலில் மூடி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் சூடு 60 டிகிரியையும் எளிதாகத் தாண்டும். பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருப்பதற்காக அதில் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள்கள் அந்தச் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் போய்ப் படிகின்றன. புதுக் காரில் வரும் வாசமே பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆவிகள்தான். அதோடு நம் மூச்சின் ஈரம், கைரேகை, நீ மாட்டி வைத்திருக்கும் வாசனை எண்ணெய்ப் புட்டி, பூஜை அன்று உன் அம்மா கார்க்கதவைத் திறந்து உள்ளே காட்டிய சாம்பிராணிப் புகை என எல்லாமும் சேர்கிறது. பூஜையைக் குறை சொல்லவில்லை. பூஜை முடிந்த மறுநாள் கண்ணாடியைத் துடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரவுச் சந்தையில் வாங்கி டேஷ்போர்டில் தேய்த்திருக்கிறாயே, அந்தப் பளபளப்பு மருந்தை மட்டும் நிறுத்திவிடு. அந்த மாதிரி மருந்துகளில் பலவும் சிலிக்கோன் கலந்தவை. வெயிலில் அதுவும் கண்ணாடிக்கு ஏறும். பகலில் டேஷ்போர்டின் பிம்பத்தையும் கண்ணாடியில் காட்டி உன் கண்ணை உறுத்தும்.

முன்கண்ணாடி வழியாக 70 விழுக்காடு ஒளியாவது உள்ளே வர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், வெயிலைத் தடுக்கும் கறுப்புத் தாள் ஒட்டும்போது நாம் அளந்து பார்த்து ஒட்டுகிறோம். தானாகப் படியும் இந்தப் படலத்தை யாரும் அளப்பதில்லை.

இனிச் செய்யும் முறை. காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி ஆறிய பிறகே தொடங்கு. சூடான கண்ணாடியில் மருந்து உடனே காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஸ்டீயரிங் இடிக்காமல் இருக்க முதலில் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, முதல் துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து துடை. பிசுக்கின் பெரும்பகுதி இதில் வந்துவிடும். துணியின் நிறத்தைப் பார்த்தால் நீயே திகைத்துப் போவாய். அடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, இரண்டாவது துணியில் தெளித்துத் துடை. கண்ணாடியின் மேல் நேராகத் தெளிக்காதே. அது வழிந்து டேஷ்போர்டின் காற்றுத் துளைகளுக்குள் இறங்கும். கதவுகளைத் திறந்து வைத்துக்கொள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. அம்மோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி மருந்து வேண்டாம். உன் காரில் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளை அது கெடுத்துவிடும். பிறகு மூன்றாவது துணியால், அது காய்ந்ததாகவே இருக்க வேண்டும், ஒரு முறை துடைத்து முடி.

கீழே கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் மூலையில்தான் எல்லாரும் கைவிட்டுவிடுகிறார்கள். கை நுழையாது என்பது உண்மைதான். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டால் மூலைவரை போகும். எதிரே வரும் விளக்கு பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் படும் என்பதால் அதை விட்டுவிடாதே. உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கத்தை இடமிருந்து வலமாகவும் துடைக்கும் பழக்கம் வைத்துக்கொள். கோடு நின்றால் எந்தப் பக்கத்துக் கோடு என்று அதன் போக்கே சொல்லிவிடும்.

2023 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டியதில்லை என்று ஆகிவிட்ட பிறகும் உன் கண்ணாடியில் அதன் பசை காய்ந்து கிடக்கிறது. ஆல்கஹால் நனைத்த துணியைச் சில நிமிடம் அதன் மேல் அழுத்திப் பிடித்தால் இளகி வரும். தாள் ஒட்டிய கண்ணாடி ஆதலால் பிளேடு போட்டுச் சுரண்டாதே. டோலுக்கான ஒட்டி கண்ணாடியில் இருந்தால் அதன் ஓரத்தைக் கிளப்பிவிடாமல் சுற்றித் துடை. கிளம்பிவிட்டால் அது பிறகு வேலை செய்யாது.

என் காலத்தில் நாங்கள் தமிழ் நேசன் தாளை நனைத்துக் கசக்கித் துடைத்தோம். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுபோனபோது எனக்கு வீட்டில் ஒருவர் போனாற்போல் இருந்தது. வேறு பத்திரிகைத் தாளை எடுத்துத் துடைக்காதே. மை கையிலும் காரின் உள்துணியிலும் ஒட்டுகிறது. நுண்ணிழைத் (மைக்ரோஃபைபர்) துணியே போதும்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. இங்கு ஐப்பசியில் மாலை தவறாமல் கொட்டுகிறது. அழுக்குப் படிந்த கண்ணாடியில்தான் ஈரம் விரைவாகப் பனிக்கும். ஆகவே துடைத்த கண்ணாடியில் பனிப்பதும் குறையும். அப்படியும் உள்ளே பனித்தால், ஏர்கண்டிஷனைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வை. கையால் துடைக்காதே, கையின் எண்ணெய் இன்னொரு படலமாகும். வெளியே பனித்தால் வைப்பரை ஒரு முறை போட்டால் போய்விடும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் உள்ளிருந்து ஒரு விரலால் தொட்டுப் பார்.

தீபாவளிக்கு முதல் நாள் வேலை முடிந்துதான் கிளம்புவாய்; ஈப்போவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போதே இருட்டியிருக்கும். அங்கிருந்து செம்மோர் வழியாக வரும் பழைய சாலையில்தான் எதிர்விளக்கு அதிகம். ஆகவே கிளம்புவதற்கு முந்திய இரவு, இருட்டில் காருக்கு வெளியே யாரையாவது டார்ச்சு விளக்கைக் கண்ணாடிக்குச் சாய்வாகப் பிடிக்கச் சொல்லி, நீ உன் இருக்கையில் உட்கார்ந்து பார். பகலில் தெரியாத கோடுகள் எல்லாம் அப்போது தெரியும். தெரிந்தால் ஆல்கஹால் துணியும் காய்ந்த துணியும் மட்டும் போதும், சோப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தோடு மூன்று துணிகள் அனுப்பியிருக்கிறேன். ஒன்றோடொன்று மாறிவிடாமல் இருக்க உன் அம்மா ஓரத்தில் நூல் போட்டுத் தைத்திருக்கிறாள்: சிவப்பு சோப்புக்கு, பச்சை ஆல்கஹாலுக்கு, வெள்ளை காய்ந்த துடைப்புக்கு. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் மருந்து ஊற்றாமல், துண்டுகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்துக் காயப்போடு.

அன்புடன்,
அப்பா