முயல் கதையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாஞ்சாலங்குறிச்சி பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். 1974ல் எழுப்பிய நினைவுக் கோட்டையைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு கதையை முடித்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பாதிக் கதை அதற்கு அப்புறம்தான்.

துரத்தி வந்த வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டியதாம், அந்த மண்ணில் கோட்டை கட்டினார்களாம். இதைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். விஜயநகரத்துக்கும் இதே கதை உண்டு. தெலுங்கு நாட்டிலிருந்து வந்த கட்டபொம்மனின் முன்னோர் கையோடு கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மண்ணுக்கே உரியது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் கதை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். வெள்ளையர் இடித்துத் தள்ளிய மண்கோட்டையை ஜனங்கள் சில நாட்களில் மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31ல் வெள்ளைத் தளபதி மெக்காலேயின் படை அதில் மோதித் தோற்றது. பேச்சு வராத ஊமைத்துரை, உள்ளங்கையில் துரும்புகளை அடுக்கி, அதுதான் எதிரிப் படை என்று காட்டி, மறு கையால் ஒரே வீச்சில் தள்ளிவிடுவாராம். தாக்குவதற்கு அதுதான் உத்தரவு!

மே 24ல் கோட்டை விழுந்தது. ஒரு தாய், பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிப் போனாள். உயிர் ஊசலாடக் கிடந்த மகன், “என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று” என்றான். அவள் ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெள்ளையர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அவர்மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். நாமாகக் கட்டிவிட்ட பெருமை இல்லை இது. எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சொந்த மகனை விட்டுவிட்டு வந்த அந்தத் தாயின் பெயர் அதில் இல்லை. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வரும். கதைப்பாடல் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதை அப்படியே பதிவு செய்து வெளியிடுங்கள். தொல்லியல் துறையும் பழைய கோட்டை மேட்டருகே அந்தத் தாயின் கதையைப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓட்டப்பிடாரம்.