முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் அவர்களுக்கும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் முதுகலை உளவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். இறுதிப் பருவம் நெருங்கும்போது, முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருக்கிறது: இந்தப் பட்டத்தை முடித்தால் மருத்துவ உளவியலாளராக நோயாளிகளைப் பார்க்க முடியுமா? நான் பார்த்த சேர்க்கை அறிவிப்புகளில் தகுதி மதிப்பெண், கட்டணம், கடைசி நாள் எல்லாம் இருக்கின்றன. இந்தக் கேள்விக்கான விடை மட்டும் இருப்பதில்லை.

விடை சட்டத்தில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், இத்துறைப் படிப்புகளை அங்கீகரித்து, தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற நிறுவனத்தில் மருத்துவ உளவியலில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவரை மருத்துவ உளவியலாளர் என்கிறது. அல்லது, உளவியலில் முதுகலைப் பட்டத்துடன், மேற்பார்வையின்கீழ் மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். (முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டம்) முடித்தவரை அவ்வாறு ஏற்கிறது. 1992-ஆம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டமோ, கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் வைத்திருக்கிறது. ஆகவே, ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் மனச்சோர்வைப் பற்றியே ஆய்வு செய்து, பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதும் உரிமை பெற்ற ஒருவர், அந்தப் பட்டத்தின் பலத்தில் மட்டும் மனச்சோர்வுள்ள ஒரு நோயாளிக்கு மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சை தர முடியாது.

இந்த வேறுபாட்டை நான் குறை கூறவில்லை. அது நியாயமானது, காக்கப்பட வேண்டியது. தற்கொலை எண்ணத்தோடு வரும் ஒருவர் முன் அமர்பவர், மூத்தவர்களின் கண்காணிப்பில் பல நூறு மணி நேரம் மருத்துவமனைப் பிரிவுகளில் பழகியவராக இருந்தாக வேண்டும். ஆய்வேடு அந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது. ஆனால் முனைவர் ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஆறு ஆண்டு என்று நீங்களே வரையறுத்திருக்கிறீர்கள். அவ்வளவு காலத்தை ஒப்புக்கொடுக்கப் போகிறவருக்கு இவ்வேறுபாடு விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டாமா? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு மாணவிக்கு, மறுவாழ்வு கவுன்சில் என்ற ஓர் அமைப்பு இருப்பதையே எடுத்துச் சொல்ல ஆளில்லை.

சரியான வழியை அறிந்த மாணவர்களும் நிம்மதியாக இல்லை. 2022 நவம்பரில் வந்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தின. 2023 டிசம்பர் இறுதியில், எம்.ஃபில். அங்கீகாரமற்ற பட்டம், அதில் சேர வேண்டாம் என்று மானியக் குழு எச்சரித்தது. அடுத்த மாதமே, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. அந்த விலக்கு தேவையான ஒன்று, அளித்ததற்கு நன்றியுடையேன். ஆயினும், பெங்களூருவில் 1955-ல் தொடங்கிய பட்டயப் படிப்பிலிருந்து வளர்ந்துவந்த ஒரு பயிற்சி மரபின் தலைவிதி, விண்ணப்பக் காலத்தின் நடுவே, சில வார இடைவெளியில் இரு வேறு அறிவிப்புகளால் மாறியது. அந்த வாரங்களில் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களின் மனநிலையை, மனநலத் துறையை ஆளும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்வு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024–25 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்றீர்கள். இத்தேர்வின் வழியே தரப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெறாத பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்முகத்துக்கு 30 விழுக்காடும் என்று வகுத்தீர்கள். மூன்று மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்களுக்கு, அதுவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ, விடையளிக்கும் திறனைக் கொண்டு, தமிழில் மட்டுமே தன் துயரத்தைச் சொல்லத் தெரிந்த ஒரு தாயின் பேச்சுக்குக் காது கொடுக்கும் திறனை அளக்க இயலாது. வரலாற்றுக்கும் வணிகவியலுக்கும் இந்த விகிதம் பொருந்தலாம். நோயாளியை நேரில் சந்திக்கும் பயிற்சி அடங்கிய ஆய்வுகளுக்கேனும் நேர்முகத்துக்கும் முன் பயிற்சிக்கும் கூடுதல் இடம் கொடுங்கள்.

2015–16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்தப்பட்டது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது மனநலச் சிக்கல் இருந்தது என்றும், பலவகை நோய்களில் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர் என்றும் அது பதிவு செய்தது. இப்படிப்பட்ட நாட்டில், நோயாளிகளுக்கு உதவ வந்த ஓர் இளைஞர் தவறான வாசலில் ஐந்து ஆண்டுகள் நின்றுவிட்டுத் திரும்புவது அவருக்கு மட்டும் நேரும் இழப்பன்று.

நான் கேட்பது பெரும் செலவு பிடிப்பதன்று. உளவியலில் முனைவர் பட்டச் சேர்க்கை நடத்தும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், 'இப்பட்டம் மறுவாழ்வு கவுன்சிலின் பதிவுக்குத் தகுதி தரும்' அல்லது 'தராது' என்ற ஒரு வரியை அறிவிப்பிலேயே, மாணவரின் மொழியிலும், அச்சிட வேண்டும் என்று இரு அமைப்புகளும் கூட்டாக ஆணையிடுங்கள். நெறியாளர்களிடம் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்பதையும் அதனுடன் வெளியிடச் செய்யுங்கள். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு ஆய்வு மாணவர்கள் என்ற உச்சவரம்பு இருக்கையில், இடமே இல்லாத ஒருவருக்கு மாணவர்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. எம்.ஃபில்., தொழில்சார் முனைவர் படிப்பான சை.டி., ஆய்வு முனைவர் பட்டம் ஆகியவற்றில் எது எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை ஒரே ஆவணமாக வெளியிடுங்கள். அதில் செய்யும் எந்த மாற்றமும், அப்போது முதுகலை முதலாண்டில் இருப்பவர்கள் படித்து முடிக்கும் வரை நடைமுறைக்கு வராது என்ற உறுதியையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முதுகலை உளவியல் ஆசிரியை ஒருவர்