மடுவத்தில் விடும் பிள்ளை

ஹட்டன்

அன்புள்ள ராணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு கிழமையாக மழையும் மூட்டமும்தான், போட்ட உடுப்பு காயவில்லை. பேரனுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதா! மருமகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கத் திரும்பினால் பிள்ளை ஒட்டாமல் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறாய்.

பிள்ளை ஒட்டுவதற்கு எந்நேரமும் சுமக்க வேண்டும், பக்கத்திலேயே படுக்கவைக்க வேண்டும் என்பது வில்லியம் சியர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பரப்பிய முறை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. தாய்-பிள்ளைப் பிணைப்பை ஆராய்ந்த மேரி எயின்ஸ்வர்த் பார்த்தது வேறு. 1950களில் உகண்டாவில் வீடு வீடாகப் போய்க் கவனித்தவர் அவர். பிறகு அமெரிக்காவில், ஒரு வயதுப் பிள்ளைகளை வைத்துச் சுமார் 20 நிமிடச் சோதனை ஒன்றைச் செய்தார். தாய் அறையை விட்டுப் போய்த் திரும்புவாள். போகும்போது அழுகிறதா என்பதைவிட, திரும்பியதும் அவளிடம் ஆறுதல் தேடி, அழுகை அடங்கி, மறுபடி விளையாடப் போகிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தார். அதனால் மருமகள் வேலை விட்டுத் திரும்பும் அந்தி நேரத்தைக் கவனிக்கட்டும்.

அதற்கு முன் காலை. எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை வேற்று முகம் கண்டு அழும் பருவம். வேலை தொடங்கும் நாளில் திடீரென விடக்கூடாது. இரண்டு கிழமை முந்தியே மடுவத்துக்கு, அதுதான் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு, தூக்கிப்போய் அரை மணி கூட இருக்கட்டும். பிறகு கால் மணி வெளியே போய் வரட்டும், அப்புறம் ஒரு மணி, அரை நாள். தினமும் ஒரே ஆயாம்மா கையில் கொடுக்க வேண்டும். "காக்கா பாரு" என்று காட்டிவிட்டு நழுவுகிறோமே, அதை முதலில் நிறுத்துங்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்றால், மறுநாள் எந்தக் காக்காவுக்கும் மசியாது, சேலைத் தலைப்பை விடாமல் தொங்கும். "அம்மா கொழுந்துக்குப் போயிட்டு அந்திக்கு வந்துருவேன்" என்று தினமும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். அழுதாலும் சரி. வாசலில் நின்று நின்று போவதுதான் அழுகையை நீட்டும்.

அந்திக்குக் கூடையை இறக்கி, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, கை கழுவியதும் (மருந்தடித்த தேயிலை மலை என்றால் உடுப்பையும் மாற்றிவிட்டு) முதல் பத்து நிமிடம் பிள்ளைக்கு, அடுப்பு பிறகு. அவளைக் கண்டதும் வீறிட்டாலோ முகத்தைத் திருப்பினாலோ "ஆயாம்மாகிட்டயே இரு" என்று கேலி வேண்டாம். "அம்மாவைத் தேடினியா?" என்று மடியில் வைத்திருந்தால் போதும்.

நடக்கத் தொடங்கியதும் உனக்கு ஒரு வேலை. பிள்ளை விழுந்தால் தரையை அடித்து "போட்டேன் பாரு" என்போமே, அது வேண்டாம். நமக்கு வலித்தால் யாரையாவது அடிக்கலாம் என்றுதான் அதில் பதியும். "முட்டியிலயா வலி? தேய்ச்சு விடவா?" என்று கேள். வலிக்குப் பெயரும் கிடைக்கிறது, இன்னொரு பிள்ளை விழுந்தால் என்ன செய்வது என்பதும் தெரிகிறது.

இராத்திரி மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணையும் கம்பளியும் முகத்தருகே வேண்டாம், குளிருக்கு இன்னொரு சட்டை போடலாம். குடித்தவர், புகைப்பவர் பாயில் பிள்ளையைப் போடவே கூடாது.

பீய்ச்சிய தாய்ப்பால் மூடிய பாத்திரத்தில், நம் குளிரில் நான்கு மணி நேரம் கெடாது. கொதிக்கவைக்காமல் சுடுதண்ணீரில் கோப்பையை வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். போத்தலை விட, கொதிநீரில் போட்டெடுத்த சிறு கோப்பையால் ஊட்டுவது சுத்தம். பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் ஓடிவந்து பால் கொடுக்கும் தூரத்தில் மடுவம் இருக்கிறதா? அங்கே எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆயாம்மா என்றும் விசாரித்து எழுது.

அன்புடன்,
செல்வி