மொசைக்காரரின் சபைக் கதைக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

சிகாகோவில் இத்தாலியக் குடியேறிகள் தொடங்கிய பெந்தெகொஸ்தே சபையைப் பற்றி எங்கள் தமிழ்ச் சங்கக் கையிதழில் நான் எழுதிவந்த தொடர் போன மாதம் முடிந்தது. ஆறு வாரம் என்று சொல்லி ஒன்பது வாரம் இழுத்துவிட்டேன். தலைப்புக்குக் கீழே என் பெயர் மட்டும்தான் இருந்தது. அது நியாயமே இல்லை.

முதல் நன்றி மதுரையில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு. முப்பது வருஷம் மொசைக் தரை போட்டவர். இந்தச் சபையின் முன்னோடி லூயிஜி பிரான்செஸ்கோனுக்கும் மொசைக்தான் தொழில். 1866ல் வட இத்தாலியின் பிரியூலி வட்டாரத்தில், கவாஸ்ஸோ நுவோவோ என்ற ஊரில் பிறந்தார். 1890ல் பிழைப்புக்காகச் சிகாகோ வந்தார். மாமாவுக்கு அந்த ஊர் வேலையின் படங்களை அனுப்பினேன். "நாம கல்லுச் சிப்ஸைச் சிமெண்டுல கலந்து கொட்டி, காஞ்சதும் மெஷின் போட்டுத் தேய்ப்போம். இவங்க ஒவ்வொரு கல்லா வச்சுல்ல படம் கட்டிருக்காங்க" என்றார். நாம் மொசைக் என்பதை இத்தாலியர் டெராட்சோ என்பார்கள் என்று அன்றுதான் எனக்கும் உறைத்தது. கற்களைக் காகிதத்தில் குப்புற ஒட்டி, ஈரக் கலவையில் அழுத்தி, பிறகு காகிதத்தை நனைத்து உரிக்கும் முறையும் அந்த வட்டாரத்தில் உண்டு. அதைச் சொன்னதும் மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பகல் பூரா முட்டி போட்டு வேலை பார்த்தவன், ராத்திரி ஜெபத்துக்குப் போய் மறுபடியும் முட்டி போட்டானா?"

அந்தக் கேள்வியால்தான் எழுதி முடித்திருந்த மூன்றாம் வாரத்தைக் கிழித்துப் போட்டேன். அதுவரை உபதேசம், பிரிவினை, தேதி என்றே எழுதிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய் வந்த மனிதர்கள் அதில் இல்லவே இல்லை.

பழைய இத்தாலியச் சாட்சிகளை, அதாவது விசுவாசிகள் எழுதிவைத்த அனுபவக் குறிப்புகளை, மதிய உணவு நேரத்தில் எனக்கு வாசித்துச் சொன்ன அலுவலகத் தோழிக்கு அடுத்த நன்றி. பிரான்செஸ்கோன் முதலில் இருந்தது 1892ல் உருவான, புராட்டஸ்டன்ட் பிரிவான இத்தாலிய பிரஸ்பிட்டேரியன் சபையில். போதகர் பிலிப்போ கிரில்லி. கொலோசெயர் 2:12ஐ வாசிக்கும்போது, முழுக்கு ஞானஸ்நானம் என்ற கட்டளைக்கு நாம் இன்னும் கீழ்ப்படியவில்லையே என்று பிரான்செஸ்கோனுக்கு உறுத்தியது. அந்த உறுத்தலோடு பல வருஷம் ஓடியது. 1903 செப்டம்பர் 7 அன்று ஜுசெப்பே பெரெத்தா அவருக்கும் இன்னும் சிலருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். "அந்தத் தேதியைக் காலண்டரில் பார்" என்றாள் தோழி. பார்த்தேன்: திங்கட்கிழமை, தொழிலாளர் தினம். அமெரிக்காவில் அது மே ஒன்று இல்லை, செப்டம்பரின் முதல் திங்கள். கூலிக்காரர்களுக்கு வேறெந்த வார நாளில் லீவு கிடைக்கும்? 1964ல் தன் 98வது வயதில் பிரான்செஸ்கோன் இறந்ததும் அதே செப்டம்பர் 7, அதுவும் தொழிலாளர் தினத் திங்கட்கிழமை. இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான், நான் இல்லை.

1907ல் சிகாகோவில் போதகர் வில்லியம் டர்ஹாமின் நார்த் அவென்யூ மிஷனில் பிரான்செஸ்கோனுக்கு ஆவியின் அபிஷேகம், அந்நியபாஷை (கற்காத மொழியில் ஜெபிப்பது). அதே செப்டம்பரில் கிராண்ட் அவென்யூவில் இத்தாலியர்களின் சபை. இந்தப் பகுதிக்காக ஓர் ஆவணக் காப்பகத்துக்கு நான்கு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. எங்கள் ஊர் நூலகத்தில் இருக்கும் பெண்மணி ஒரே மதியத்தில் வழிகாட்டிவிட்டார். அவருக்கும் என் நன்றி.

ஐந்தாம் வாரம் வந்ததும் திட்டி எழுதிய வாசகரை எப்படி மறப்பேன்? 1909ல் பிரான்செஸ்கோனும் சக விசுவாசி ஜாகொமோ லொம்பார்தியும் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள் என்று எழுதியிருந்தேன். "கூடப் போன லூச்சியா மென்னா எங்கே அம்மா?" என்று ஒரே வரிக் கடிதம். சரியான அடி. ஆண்கள் எழுதிய பட்டியலை நானும் அப்படியே நகல் எடுத்திருக்கிறேன். அடுத்த வாரமே திருத்தம் போட்டோம்.

பெயர் வேண்டாம் என்று சொன்ன சிசிலிப் பாட்டிக்கு ஒரு கும்பிடு. லொம்பார்தி 1908லேயே இத்தாலிக்குப் போய் இந்த விசுவாசத்தை விதைத்தவர். முளைத்ததை 1935ல் முசோலினி அரசு ஒரு சுற்றறிக்கையால் மிதித்தது. பெந்தெகொஸ்தே ஆராதனை இனத்தின் உடலுக்கும் மனதுக்கும் கேடாம்! போர் முடிந்து, ஆட்சியே மாறியும் அந்தச் சுற்றறிக்கை 1955 வரை ரத்தாகவில்லை. பாட்டியின் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடுவாராம். பாட்டி எனக்கு அதே பாட்டைப் பாடிக் காட்டியபோதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

கடைசியாக, தன் சபை ஆராதனைக்கு என்னைக் கூட்டிப்போன எதிர்வீட்டு பிரேசில் அக்கா. 1910ல் பிரான்செஸ்கோன் சாவோ பாவ்லோ போனார். இத்தாலியர் நிறைந்த பிராஸ் பகுதியில் வேர்விட்ட சபை 1930களில் இத்தாலிய மொழியை விட்டுப் போர்த்துக்கீசியத்துக்கு மாறியது. 2010 கணக்கெடுப்பில் பிரேசிலில் 22 லட்சம் பேருக்கு மேல் தங்களை அந்தச் சபையார் என்று சொன்னார்கள். மூப்பர்களுக்குச் சம்பளம் கிடையாது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் என்று உட்கார்ந்திருக்க, வயலினும் ஊதுகருவிகளும் ஒன்றாக எழும்பும்போது நெஞ்சுக்கூடு அதிர்வது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வாசலில் ஒரு மூதாட்டி "அ பாஸ் ஜி தேயுஸ்" என்றார். தேவ சமாதானம் என்று அர்த்தம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, "ஸ்தோத்திரம்" என்றுவிட்டேன். அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

அக்கா, அன்று என் தலையில் நீங்கள் போட்டுவிட்ட வெள்ளை முக்காடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.