ஆசிரியர் நியமன ஒப்புதல்: அவமதிப்பு மனு எங்கே வழுக்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'நீதிமன்ற அவமதிப்பு: கல்வி அதிகாரி நேரில் ஆஜராக உத்தரவு' என்ற தலைப்பு நாளிதழ்களுக்குப் புதிதல்ல. அரசு உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் நியமிக்கப்பட்டிருப்பார். கல்வி அலுவலகம் ஒப்புதல் தராது. உயர் நீதிமன்றம் உத்தரவு போடும், அந்த உத்தரவும் கோப்பில் உறங்கும், பிறகு உத்தரவை நிறைவேற்றவில்லை என்று அவமதிப்பு மனு வரும். செய்தி அதோடு நின்றுவிடுகிறது. அந்த மனு 'முடித்து வைக்கப்பட்டது' என்று ஆன பிறகும் ஆசிரியர் ஒப்புதலும் சம்பளமும் இல்லாமல் நிற்பதுண்டு என்பது பலருக்குத் தெரியாது. கோளாறு பெரும்பாலும் அவமதிப்பு மனுவில் இருப்பதில்லை. அதற்கு முன்பு பெற்ற உத்தரவிலேயே இருக்கிறது.

முதலில் ஒப்புதல் ஏன் தேங்குகிறது என்று பார்க்கலாம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியானால் அதை நிரப்ப முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. ஆனால் நியமனத்துக்குப் பிறகு துறையின் ஒப்புதல் இல்லாமல் மானியத்தில் சம்பளம் பெற முடியாது. தனியார் பள்ளிகளுக்கான 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலும் இதுதான் நிலை. 2023-இல் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டு தனியார் பள்ளிகள் சட்டத்தின் கீழும் இதுதான்.

கல்வியாண்டின் நடுவில் 60 வயதை எட்டும் ஆசிரியர் அந்த ஆண்டின் இறுதிவரை மறுநியமனத்தில் தொடர்வதால், காலியிடம் பெரும்பாலும் அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் உருவாகிறது. பள்ளிக் குழு தீர்மானம் போடுகிறது, நியமன ஆணை தருகிறது, ஆசிரியர் பணியில் சேர்கிறார், ஒப்புதல் கேட்கும் கருத்துரு கல்வி அலுவலகம் போகிறது. அங்கே, ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கைப்படி எத்தனை பணியிடம் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் வரட்டும் என்று கோப்பை நிறுத்துகிறார்கள். நிர்ணய ஆணை வந்ததும் இயக்குநரிடம் 'தெளிவுரை' கேட்டு ஒரு கடிதம் போகிறது. தெளிவுரை வருவதற்குள் அடுத்த ஆகஸ்ட் வந்துவிடுகிறது.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 பேர். நியமனத்தின்போது 64 குழந்தைகள் இருந்த பள்ளியில் ஓராண்டு கழித்து 59 பேர் ஆகிவிட்டால் மூன்றாவது இடம் உபரி. 'பணியிடமே இல்லை, ஒப்புதல் வழங்க இயலாது' என்று கருத்துரு திரும்பிவிடும். தாமதம் செய்த அலுவலகமே, அந்தத் தாமதம் உண்டாக்கிய காரணத்தைக் காட்டி மறுக்கிறது. நியமன நாளில் நடப்பில் இருந்த நிர்ணய ஆணையை வைத்துத்தான் நியமனத்தை எடைபோட வேண்டும் என்ற வாதத்தை, அலுவலகத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவிலேயே எழுதி, அந்த ஆணையின் நகலையும் இணைத்துவிட வேண்டும். பிறகு வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது பெரிய தவறு.

அலுவலகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தகுதியில்லாத இடத்துக்கு மானியம் போனால் தணிக்கையில் தடை எழுதுவார்கள், கையெழுத்திட்டவர் பதில் சொல்ல வேண்டும். ஒரே நிர்வாகத்தின் வேறு பள்ளியில் உபரி ஆசிரியர் இருக்க, இங்கே புதியவரை நியமித்தால் கேள்வி வரத்தான் செய்யும். பள்ளிகள் அனுப்பும் கோப்புகளிலும் ஓட்டைகள் உண்டு: தீர்மானத் தேதிக்கு முந்தைய தேதியில் நியமன ஆணை, சிறுபான்மையல்லாத பள்ளியில் இட ஒதுக்கீட்டுக்கான இனச் சுழற்சிப் பதிவேடு இல்லாமை, வேறு பல்கலைக்கழகப் பட்டம் இணையானதே என்ற சான்று வைக்காமை. தலைமையாசிரியர் பதவி உயர்வுக்கே ஒப்புதல் வராத நிலையில் அதனால் காலியான பட்டதாரி ஆசிரியர் இடத்தில் ஒருவரை நியமித்துவிட்டு, இரண்டு கோப்பும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் கிடப்பதும் நடக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது நிர்வாகச் சண்டை. செயலாளர் யார் என்பதே வழக்கில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட நியமனத்தை எந்த அதிகாரியும் தொடமாட்டார். அதை அவமதிப்பு வழக்கால் தீர்க்க முடியாது. குறை இருந்தால் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் சொல்லலாமே! ஒரு முறைக்கு ஒரு குறை என்று நான்கு முறை திருப்பி அனுப்புவதைத்தான் வேண்டுமென்றே செய்வது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இனி நீதிமன்றம். ரிட் மனுவில் இரண்டு விதமாக உத்தரவு வரும். 'மனுதாரரின் கருத்துருவைப் பரிசீலித்து 8 வாரத்தில் உரிய ஆணை பிறப்பிக்க வேண்டும்' என்பது ஒன்று. 'மறுப்பாணை ரத்து செய்யப்படுகிறது; பணியில் சேர்ந்த நாள் முதல் ஒப்புதல் வழங்கி, நிலுவைச் சம்பளத்தையும் தர வேண்டும்' என்பது மற்றொன்று. முதல் வகை எளிதில் கிடைக்கும். அரசு வழக்கறிஞரும் எதிர்க்கமாட்டார், முதல் விசாரணையிலேயே வழக்கு முடிந்துவிடும். மனுதாரர் ஜெயித்ததாக நினைத்து ஊர் திரும்புவார். 8 வாரம் போய், அவமதிப்பு மனு போட்டு, நோட்டீஸ் போனதும் அலுவலகம் விழித்துக்கொண்டு ஓர் ஆணை பிறப்பிக்கும். அது மறுப்பாணையாக இருக்கும். பரிசீலிக்கச் சொன்னார்கள், பரிசீலித்தாகிவிட்டது. அவமதிப்பு முடிந்தது.

உச்ச நீதிமன்றம் 1996-இல் ஜே.எஸ். பரிஹார் வழக்கில் சொன்னது இதுதான்: உத்தரவின்படி ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால், அது சரியோ தவறோ, அதை எதிர்க்கப் புதிய வழக்குதான் போட வேண்டும், அவமதிப்பு விசாரணையில் அதன் சரி தவறை ஆராய முடியாது. ஆகவே மறுபடி ரிட், மறுபடி 'பரிசீலிக்க', மறுபடி அவமதிப்பு. செக்குமாட்டு வட்டம்தான். கருத்துரு வெறுமனே கிடப்பில் இருக்கிறது, மறுப்பாணையே வரவில்லை என்றால் 'பரிசீலிக்க' உத்தரவு பெறுவதைத் தவிர வேறு வழி பல நேரம் இருக்காது. ஆனால் மறுப்பாணை கையில் வந்த பிறகும் அதே வகை உத்தரவோடு திருப்தி அடையக் கூடாது. மறுப்பில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்ப்பில் முடிவு வரும்படி வாதிட வேண்டும். அப்படி நீதிமன்றம் ஏற்கெனவே தள்ளிவிட்ட காரணத்தையே அதிகாரி மீண்டும் எழுதினால், அதைக் கீழ்ப்படிதல் என்று சொல்ல முடியாது. தீர்ப்பின் அந்தப் பத்தியையும் மறுப்பாணையின் பத்தியையும் அருகருகே வைத்து அவமதிப்பு மனுவில் காட்டலாம்.

அடுத்து, காலக் கணக்கு. 'உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்து 8 வாரம்' என்றுதான் வழக்கமாக எழுதப்படும். நகலை நாம் சேர்ப்பிக்காவிட்டால் அந்த 8 வாரம் தொடங்கவே இல்லை என்று அதிகாரி சொல்வார், அது செல்லும். சான்றிட்ட நகலின் பிரதியோடு ஒரு முகப்புக் கடிதம் எழுதி, அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகை வாங்க வேண்டும். கூடவே தபாலிலும் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். ரிட் மனுவில் எத்தனை எதிர்மனுதாரர்களோ அத்தனை பேருக்கும் தனித்தனியாக அனுப்புவது முக்கியம். மாவட்ட அலுவலருக்கு மட்டும் கொடுத்துவிட்டு இயக்குநரை விட்டுவிட்டால், 'இயக்குநரின் தெளிவுரைக்குக் காத்திருக்கிறோம்' என்ற பழைய பாட்டு தொடரும்.

1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அவமதிப்பு மனு போட ஓராண்டுக் கெடு வைக்கிறது. உத்தரவில் கொடுத்த அவகாசம் முடிந்தும் அது நிறைவேறாத நாளிலிருந்து அந்த ஓராண்டை எண்ண வேண்டும். இடையில் நினைவூட்டுக் கடிதம் மேல் கடிதம் அனுப்பினாலும் அது நீளாது. ஓராண்டுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட்டால் போதும், நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்புவது பிறகு நடந்தாலும் பாதகமில்லை என்று 2001-இல் பல்லவ் சேத் வழக்கில் தெளிவாகிவிட்டது. கீழ்ப்படியாமை ஒவ்வொரு நாளும் தொடர்வதால் கெடுவே கிடையாது என்று நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. அந்த வாதத்துக்கு எவ்வளவு குறுகிய இடம்தான் உண்டு என்பதை 2024-இல் திருப்பதி ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிவிட்டது. 'சார் அடுத்த வாரம் போட்டுத் தருகிறேன் என்றார்' என்று பத்து மாதம் காத்திருந்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ரிட் மனுவில் பதவியின் பெயரைப் போட்டால் போதும். அவமதிப்பு மனுவில் பதவியோடு ஆளின் பெயரும் வேண்டும், ஏனென்றால் குற்றம் தனிமனிதர் மேல். இதிலும் ஒரு சிக்கல். கல்வி அலுவலர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். கெடு முடிந்த நாளில் பொறுப்பில் இருந்தவர் ஒருவர், நோட்டீஸ் போகும்போது இருப்பவர் வேறொருவர். 'நான் போன மாதம்தான் பொறுப்பேற்றேன்' என்பது பொய்யான சாக்கு அல்ல. அதனால் புதியவர் வந்ததும் உத்தரவின் நகலை அவர் பெயருக்கே மறுபடி கொடுத்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். சட்டத்தின் 2(பி) பிரிவு கேட்பது வேண்டுமென்றே செய்த கீழ்ப்படியாமை. உத்தரவு தெரிந்திருந்தும் நிறைவேற்றவில்லை என்று காட்டுவதற்குத்தான் நகலும் ஒப்புகையும்.

அவமதிப்பு நோட்டீஸ் போன பிறகு அரசுத் தரப்பில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று மேலே சொன்ன மறுப்பாணை. மற்றது, அதுவரை நினைவுக்கு வராத மேல்முறையீடு. தனி நீதிபதியின் உத்தரவுக்கு எதிராக இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் உண்டு. அது கடந்து பல மாதம் ஆன பின் தாமத மன்னிப்பு மனுவோடு வருவார்கள். மேல்முறையீடு போட்டாயிற்று என்பதே தடையாணை ஆகாது. ஆனால் தடை கோரும் மனு நிலுவையில் இருந்தால் அவமதிப்பை விசாரிக்கும் நீதிபதி சற்றுக் காத்திருக்கத்தான் செய்வார். ஆகவே மனுதாரர் தரப்பு சும்மா இருக்காமல் அந்தத் தடை மனுவையும் தாமத மனுவையும் சீக்கிரம் விசாரணைப் பட்டியலில் கொண்டுவர முயல வேண்டும். கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பதே தாமதத்தை மன்னிக்கப் போதிய காரணம் ஆகாது என்று 2012-இல் லிவிங் மீடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் பேருலால் வழக்கில் மத்தியப் பிரதேச அரசுக்கு 25,000 ரூபாய் செலவுத் தொகை விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து அதை வசூலிக்கவும் சொன்னது. தமிழ்நாட்டுக் கோப்புகளுக்கும் இவை பொருந்தும்.

சமீப காலத்தில் மறுப்புக்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது: ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தத் தேர்வு கட்டாயமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. அதுவரை அப்பள்ளிகளை விலக்கியும் வைத்திருக்கிறது. அதைக் காட்டிச் சிறுபான்மைப் பள்ளிக் கோப்புகளை நிறுத்தி வைப்பதற்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை. குறிப்பிட்ட ஆசிரியர் விஷயத்தில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு ஏற்கெனவே இருந்து, அதற்குத் தடையும் இல்லையென்றால், அதை நிறைவேற்றத்தான் வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் கெடு முடியும் முன்பே நீதிமன்றத்தில் கேட்க வழியிருக்கிறது. அதைச் செய்யும் அலுவலகங்கள் அபூர்வம்.

தண்டனை என்ன? 12-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை வெறுங்காவல் அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மனதார மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம். 2,000 ரூபாயோடு இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். அகவிலைப்படி சேர்க்காமலே ஓராண்டுக்கு 4,36,800 ரூபாய். மூன்று ஆண்டு இழுத்தால் 13 லட்சத்துக்கு மேல். என்றோ ஒருநாள் அரசு மொத்தமாகக் கொடுக்கிறது, தாமதித்தவர் பையிலிருந்து எதுவும் போவதில்லை. நேரில் ஆஜராவதும் பெரிய மருந்து அல்ல. 2024 ஜனவரி 3-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை, அதிகாரிகளைக் கண்டபடி நேரில் அழைக்காமல் முதலில் காணொலி வழியாக வர வாய்ப்பளிக்கச் சொல்கிறது. அது சரிதான். ஒரு கல்வி அலுவலர் மதுரைக்கோ சென்னைக்கோ போய் நாள் முழுக்க நின்றால், அன்று நகராமல் போவது மற்ற ஆசிரியர்களின் கோப்பு.

அரசு செய்ய வேண்டியது பெரிதல்ல. கருத்துரு வந்த நாளுக்கு ஒப்புகை, 30 நாளுக்குள் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் தெரிவிப்பது, தெளிவுரை கேட்டால் இயக்குநரகம் பதில் தர ஒரு கெடு, உத்தரவை நிறைவேற்றுவதா மேல்முறையீடு செய்வதா என்று முதல் 30 நாளிலேயே எழுத்தில் முடிவு. இவற்றை ஒரு சுற்றறிக்கையாக விட்டால், எந்த மேசையில் கோப்பு நின்றது என்பது நீதிமன்றம் கேட்காமலே தெரிந்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. அவமதிப்பு வழக்கின் நடுவில் ஒப்புதல் ஆணை வந்தால், மனுவை முடித்துக்கொள்ள ஒப்புவதற்கு முன் அதை வரிவரியாகப் படியுங்கள். ஒப்புதல் பணியில் சேர்ந்த நாளிலிருந்தா, ஆணை நாளிலிருந்தா என்று பாருங்கள். பின்னதாக இருந்தால் ஊதிய உயர்வு, பணிமூப்பு, 10 ஆண்டில் வரும் தேர்வுநிலை என்ற உயர் ஊதிய நிலை எல்லாம் அத்தனை காலம் தள்ளிப்போகும். 'மேல்முறையீட்டின் முடிவுக்கு உட்பட்டது' என்ற வரி இருக்கிறதா, நிலுவைத் தொகை பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குறை இருந்தால் மனு முடியும் முன்பே நீதிமன்றத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். முடித்து வைத்த பிறகு அதைத் திறப்பது மிகக் கடினம்.

இப்படிக்கு,
உதவி பெறும் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
பாளையங்கோட்டை.